ரீங்காரம்

அபெரிஸ்ட்வித்தில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை,
சேப்பலின் பின்னறையில்
என் மேசைதான் கடைசி.
முன்மேசைகளில் டோஸ்டர்கள் உயிர்த்தெழும்,
கைதட்டல் வாங்கும், பிறகு என்னிடம் வரும்.
நான் கைதட்டுவதில்லை.
வேலை செய்கிறதா என்பது அவர்கள் பாடு.
கொல்லுமா என்பது என் பாடு.

டெக்வென் தூக்கி வந்தது
பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்.
முகத்தில் ஆரஞ்சுத் துணி,
உச்சியில் பீர் சிந்திக் காய்ந்த வட்டங்கள்.
சத்தமே வரவில்லை என்றாளாம்;
கெதின் ஒரு வால்வை மாற்றினான், வந்துவிட்டது.
கோட்டு மாட்டி, குடையும் எடுத்துவிட்டாள்.
"இதற்குமேல் என்ன?" என்றாள் என்னிடம்.

முதலில் கண்.
பிளக்கைத் திறந்தேன்.
மூன்று ஆம்பியர் இருக்கவேண்டிய இடத்தில்
சாக்லேட்டின் வெள்ளித்தாள் சுற்றிய
ஒரு செத்த ஃபியூஸ்.
பக்கத்தில் பச்சையும் மஞ்சளுமான கம்பி
டேப் சுற்றி, மடித்து,
தூங்கவைத்த மாதிரி.
அறுந்ததில்லை. அறுத்தது.

"யார் செய்தது?"
"நான்தான்." கூச்சமே இல்லை.
"ஒரே ரீங்காரம். பாடும்போது
ஈ ஒன்று அறையைவிட்டுப் போகாத மாதிரி.
பப்பில் ஒருத்தன் சொன்னான், அந்தக் கம்பியை வெட்டு என்று.
வெட்டினேன். அடங்கியது.
ஒன்பது வருஷமாயிற்று."

"மைக்கில் உதடு பட்டால்?"

யோசித்தாள்.
"சுள்ளென்று கூசும்.
நன்றாகப் பாடுகிற இரவுகளில்தான்
அப்படி ஆகிறது என்று நினைத்திருந்தேன்."

குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
உள்ளே முந்நூறு வோல்ட் விழித்திருக்கும்.
இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்,
நெஞ்சின் குறுக்கே அதற்கு வழி விடாதிருக்க.
ரெசிஸ்டரைத் தொடவைத்து
பொங்கும் பாலை இறக்குவதுபோல் இறக்கினேன்.
மீட்டரில் நாற்பது. பன்னிரண்டு. மூன்று.
சுழியம் வரும்வரை யாரோடும் பேசமாட்டேன்.

பிறகு எர்த் முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே
தடை எவ்வளவு என்று கேட்டேன்.
எண்ணே இல்லை. வெறும் கோடு.
ஐந்நூறு வோல்ட்டில் காப்பைக் கேட்டேன்.
ஒரு மெகாவுக்கு மேல் சொல்லவேண்டியது
கால்கூடச் சொல்லவில்லை.
மெயின்ஸிலிருந்து பெட்டிக்கு
வயிறு உப்பிய ஒரு கன்டென்சர் கசிந்துகொண்டிருந்தது,
ஒன்பது வருஷமாக அவள் உதட்டுக்கு.

அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.
சரியான ஃபியூஸ். புதிய கம்பி,
அதன் முனை திருகின்கீழ்; இழுத்தும் பார்த்தேன்.
கோடு போய் எண் வந்தது: 0.08.
காப்பும் தேறியது.

ஸ்விட்சைப் போட்டேன்.
வால்வுகள் சிவந்தன.
ரீங்காரமும் திரும்பி வந்தது,
வாடகை கேட்க வந்தவன்போல்
கதவருகே நின்றுகொண்டு.

டெக்வெனின் முகம் விழுந்துவிட்டது.
"இதற்காகத்தானே வெட்டினேன்?"
"ஆமாம்."
"நிறுத்த முடியாதா?"
"முடியும். உள்ளே வேறு வழி பார்க்கவேண்டும்,
இன்னொரு சனிக்கிழமை ஆகும்.
இந்தக் கம்பியை மட்டும் தொடக்கூடாது."

மைக்கை எடுத்தாள்.
தயங்கித் தயங்கி உதட்டை வைத்தாள்.
"ஒன்றுமே இல்லையே" என்றாள்,
ஏமாந்த குரலில்.

பிறகு தலையைச் சாய்த்து அந்த ஈயைக் கேட்டாள்.
"இது ஜி. ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது."
அதையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு
கப்பல் போனதைப் பற்றி வெல்ஷில் இரண்டு வரி பாடினாள்.
முன்மேசைகளில் ஸ்க்ரூடிரைவர்கள் நின்றன.
எனக்குக் கை வந்தது.
பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

பீர்க் கறையில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை,
பக்கவாட்டில் ஒட்டினேன்.
படிவத்தில்: தேறியது.
குறிப்புகள்: ரீங்காரம் உண்டு, சரிசெய்யவில்லை.
வீட்டுக்குப் போய் மறுபடி கத்தரிக்கோல் தேடுவாளா,
அதை அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.

அடுத்தவர் ஹேர்டிரையரோடு நின்றிருந்தார்.
திருப்பிப் பார்த்தேன்:
சதுரத்துக்குள் ஒரு சதுரம்.
எர்த்தே கிடையாது இதற்கு.